சொல்லாமல் விட்ட சொல்

நேரலையில் இணைந்திருக்கும் நண்பர்களுக்கு, முக்கியமாகக் கனடாவில் வேலைக்குப் போகும் வழியில் காதில் மாட்டிக்கொண்டு கேட்பவர்களுக்கும், அவுஸ்திரேலியாவில் நித்திரை முழித்திருப்பவர்களுக்கும் நன்றி. நான் வரலாறு படித்தவள் அல்ல. ஜேர்மனியில் தாதியர் டிப்ளோமா முடித்து இருபது வருடங்களாக வைத்தியசாலையில் வேலை செய்பவள். அதில் பாதிக்கு மேல் புற்றுநோய்ப் பிரிவில். பிறகு ஒரு நாள் அதே பிரிவுக்கு நோயாளியாகவும் போனேன். அதனால் இந்த வரலாற்றைக் கட்டிலின் இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு சம்பவம். பல வருடங்களுக்கு முன் வேறொரு வார்டிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு தமிழ் அம்மா, அறுபது வயது இருக்கும். வைத்தியர் பரிசோதனை முடிவைச் சொல்லவேண்டும், மொழிபெயர்க்க ஆள் இல்லை. நான் போனபோது மகன் வாசலிலேயே மறித்தார்.

"அக்கா, அம்மாவுக்கு அந்தச் சொல்லை மட்டும் சொல்லாதேங்கோ. தாங்கமாட்டா."

நான் தலையாட்டினேன். உள்ளே வைத்தியர் விளக்கினார். நான் "கட்டி" என்றேன், "மருந்து ஏத்தவேணும்" என்றேன். அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். எல்லோரும் வெளியே போனபின் அந்த அம்மா என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, டொக்டர் 'கிறெப்ஸ்' எண்டவர். நான் பதினைஞ்சு வருசம் ஆஸ்பத்திரியில கிளீனிங் வேலை செய்தனான். அந்தச் சொல் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியுமெண்டு மகனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, அவன் தாங்கமாட்டான்."

தாயும் மகனும் ஒரே செய்தியை ஆளுக்கு ஆள் ஒளித்து வைத்திருந்தார்கள். நடுவில் நான் நின்றேன். அன்று நான் செய்தது உதவி என்றுதான் நினைத்தேன். இன்றைய பேச்சு, நான் அப்படி நினைத்தது ஏன் பிழை என்பதைப் பற்றியது.

'கிறெப்ஸ்' என்றால் ஜேர்மன் மொழியில் நண்டு. கிரேக்க வைத்தியர்கள் கட்டியைச் சுற்றிப் புடைத்த நரம்புகளைப் பார்த்து நண்டின் கால்கள் என்று நினைத்து வைத்த பெயரின் வழிவந்தது. நாங்கள் புற்று என்கிறோம். வெளியே ஒரு மேடு தெரியும், உள்ளே எத்தனை வழி போகிறது என்று தெரியாது. இரண்டு மொழியிலும் நல்ல பொருத்தமான சொல் இருக்கிறது. ஆனால் இரண்டு சமூகமும் அந்தச் சொல்லை வாயால் சொல்ல நீண்ட காலம் பயந்தன.

ஜேர்மன் வரலாற்றில் இந்தப் பயத்துக்குப் பெரிய உதாரணம் ஒரு பேரரசர். 1887ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முடிக்குரிய இளவரசர் பிரீட்ரிஷின் குரல் கம்மத் தொடங்கியது. பேர்லினில் பார்த்த வைத்தியர்கள் குரல்நாணில் புற்றுநோய் என்று சந்தேகித்தார்கள். அறுவை வைத்தியர் ஏர்ன்ஸ்ட் பொன் பேர்க்மன் மே மாதம் அறுவைச் சிகிச்சைக்குத் தயாரானார். அதற்கு முன் லண்டனிலிருந்து மொறெல் மக்கென்சி என்ற தொண்டை நிபுணர் வரவழைக்கப்பட்டார். அவர் சிறு துண்டு எடுத்துக் கொடுக்க, அக்காலத்தின் மிகப் பெரிய நோயியல் அறிஞரான ருடோல்ஃப் விர்ஹோ அதில் புற்றுநோய்க்கான அடையாளம் இல்லை என்றார். அறுவைச் சிகிச்சை நிறுத்தப்பட்டது. அந்தத் துண்டு மட்டில் விர்ஹோ சொன்னது சரியாக இருந்திருக்கலாம். ஆனால் ஒரு துண்டு முழுக் கட்டிக்கும் சாட்சி சொல்லாது என்பதைப் பின்வந்த வைத்தியம் கற்றுக்கொண்டது.

நவம்பரில் இத்தாலியின் சான்ரேமோவில் நோய் உறுதியானது. 1888 பெப்ரவரி 9ஆம் திகதி மூச்சு விடுவதற்காகத் தொண்டையில் துளையிட்டார்கள். ஒரு மாதம் கழித்து மார்ச் 9ஆம் திகதி அவருடைய தந்தை இறந்தார். குரல் இல்லாத மனிதர் பேரரசரானார். காகிதத் துண்டுகளில் எழுதியே ஆட்சி செய்தார். 99 நாட்கள். ஜூன் 15ஆம் திகதி பொட்ஸ்டாமில் இறந்தார். பிறகு இரு நாட்டு வைத்தியர்களும் யார் பிழை என்று புத்தகம் எழுதிச் சண்டை பிடித்தார்கள்.

தொண்டையில் துளையிட்ட நோயாளிகளை நான் பராமரித்திருக்கிறேன். அவர்களிடம் எப்போதும் ஒரு சின்னப் பலகையோ கொப்பியோ இருக்கும். அவர்கள் எழுதி முடிக்கும் வரை பொறுத்திருப்பதுதான் கடினம். பாதியிலேயே நாங்கள் ஊகித்துப் பதில் சொல்லிவிடுவோம். அந்தப் பேரரசரைப் பற்றி வாசித்தபோது எனக்கு அந்தக் கொப்பிகள்தான் ஞாபகம் வந்தன. அவரைச் சுற்றி எல்லோரும் அவருடைய நோயைப் பற்றிப் பேசினார்கள். அவர் மட்டும் எழுதினார்.

அவர் இறந்து ஏழு வருடத்தில், 1895 நவம்பர் 8ஆம் திகதி, வூர்ஸ்பூர்க் நகரில் வில்ஹெல்ம் றொன்ட்கன் புதிய கதிரைக் கண்டார். டிசம்பரில் மனைவியின் கையைப் படம் எடுத்தார், மோதிரத்தோடு. அந்தக் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை கேட்கவில்லை. கதிர்ச்சிகிச்சையின் கதை அங்கிருந்து தொடங்குகிறது. 'கீமோதெரபி' என்ற சொல்லும் ஜேர்மன் சொல்தான். பிராங்பேர்ட்டில் போல் ஏர்லிஷ் வைத்த பெயர். அவருடைய 606ஆம் எண் மருந்து, 1910இல் விற்பனைக்கு வந்த சல்வர்சான், மேகநோய்க்கானது. புற்றுநோய்க்கு மருந்து வேறு பாதையால் வந்தது. அந்தப் பாதை அழகானது அல்ல.

1917 ஜூலையில் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஜேர்மன் படை கடுகு வாயுவை முதன்முதலாகப் பயன்படுத்தியது. தோலைக் கொப்பளிக்க வைக்கும் நஞ்சு. ஜேர்மனியில் அதற்கு 'லொஸ்ட்' என்று பெயர். அதை உருவாக்கிய லொம்மல், ஸ்ரைன்கொப் என்ற இரண்டு வேதியியலாளர்களின் பெயர்களின் முதலெழுத்துகள். அந்த வாயு பட்டவர்களின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்துபோவதை வைத்தியர்கள் கவனித்தார்கள். 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் குட்மன், கில்மன் என்ற இருவர் அதன் உறவான நைதரசன் கடுகை நிணநீர்ப் புற்றுள்ள ஒருவருக்கு ஏற்றிப் பார்த்தார்கள். கட்டிகள் சிறிது காலம் கரைந்தன. அந்த நோயாளியை வரலாறு வெறும் ஜே.டி. என்ற எழுத்துகளால்தான் அறிகிறது. யுத்த இரகசியம் என்பதால் ஆய்வு 1946இல்தான் வெளிவந்தது.

இதற்கிடையில் 1943 டிசம்பர் 2ஆம் திகதி இத்தாலியின் பாரி துறைமுகத்தில் ஜேர்மன் விமானங்கள் குண்டு போட்டன. அங்கே நின்ற 'ஜோன் ஹார்வி' என்ற அமெரிக்கக் கப்பலில் இரகசியமாகக் கடுகு வாயுக் குண்டுகள் இருந்தன. அது தெரிந்த கப்பல்காரர் வெடிப்பில் இறந்துவிட்டார்கள். கடலில் மிதந்த எண்ணெயோடு நஞ்சும் கலந்தது. காப்பாற்றப்பட்டவர்களை ஈர உடுப்போடே போர்வையில் சுற்றிப் படுக்க வைத்தார்கள், அதிர்ச்சிக்குச் செய்யும் வைத்தியம் அதுதான். உடுப்பைக் கழற்றிக் கழுவியிருந்தால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள். 600க்கு மேற்பட்ட போர்வீரரும் மாலுமிகளும் பாதிக்கப்பட்டு, 80க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஊர்ச் சனத்தின் கணக்கு இதில் இல்லை. என்ன நடந்தது என்று ஸ்ருவர்ட் அலெக்சாண்டர் என்ற இளம் வைத்தியர் கண்டுபிடித்தார். அவருடைய அறிக்கையையும் இரகசியமாக்கினார்கள்.

ஒரு தாதியாக எனக்கு இந்தக் கதையில் உறுத்துவது இதுதான். அங்கே பராமரித்தவர்கள் அன்போடுதான் போர்வை சுற்றினார்கள். ஆனால் உண்மை சொல்லப்படவில்லை. உண்மை இல்லாத அன்பு அன்று ஆளைக் கொன்றது.

யுத்தத்துக்குப் பின் இந்தக் கதை மறுபடியும் ஜேர்மனிக்கு வருகிறது. நான் இருக்கும் மாநிலத்தில் பீலஃபெல்ட் என்ற நகரம் இருக்கிறது. அங்கே பிராக்வேட பகுதியில் இருந்த அஸ்டா மருந்துத் தொழிற்சாலையில் ஹேர்பேர்ட் ஆர்னோல்ட், பிரீட்ரிஷ் பூர்சோ, நோர்பேர்ட் புரொக் ஆகியோர் கடுகின் நஞ்சைக் கட்டிப்போட வழி தேடினார்கள். உடம்புக்குள் போகும்போது சாதுவாக இருந்து, ஈரலில் மாற்றமடைந்த பிறகே வேலையைத் தொடங்கும் ஒரு மூலக்கூறு. 1958இல் அதைப்பற்றி எழுதினார்கள். சைக்ளோபொஸ்பமைட். எங்கள் வார்டில் 'என்டொக்ஸான்' என்ற அதன் வியாபாரப் பெயரால்தான் சொல்வோம். அறுபது வருடத்துக்கு மேலாகியும் மார்பகப் புற்று, நிணநீர்ப் புற்று என்று எத்தனையோ சிகிச்சைகளில் அது இன்னும் இருக்கிறது. அது சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கும் என்பதால், அதைத் தடுக்கும் மெஸ்னா என்ற மருந்தையும் பிறகு புரொக்கின் குழுவே கொண்டுவந்தது. "நிறையத் தண்ணி குடியுங்கோ" என்று தாதிமார் நச்சரிப்பது அதனால்தான்.

மருந்து வந்தது. பேச்சு வரவில்லை. எழுபதுகள் வரை ஜேர்மனியிலும் பல வைத்தியர்கள் நோயாளியிடம் சொல்லாமல் குடும்பத்திடம்தான் சொன்னார்கள். நாங்கள் இன்று தமிழர் பழக்கம் என்று நினைப்பது அன்று ஜேர்மன் பழக்கமும்தான். இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் மில்ட்ரெட் ஷேல். எக்ஸ்ரே வைத்தியரின் மகள், தானும் அதே துறை வைத்தியர், ஜனாதிபதி வால்ட்டர் ஷேலின் மனைவி. 1974 செப்டெம்பர் 25ஆம் திகதி 'டொய்ச்ச கிறெப்ஸ்ஹில்ஃப' என்ற புற்றுநோய் உதவி அமைப்பைத் தொடங்கினார். பெயரிலேயே அந்தச் சொல்லை வைத்தார். தொலைக்காட்சியில் அதைச் சொன்னார். 1971இலிருந்தே காப்புறுதியில் இலவசமாகக் கிடைத்த முன்பரிசோதனைக்குப் பயந்து போகாமல் இருந்தவர்களைப் போகச் சொன்னார். 1983இல் கேல்ன் பல்கலைக்கழக வைத்தியசாலையில் ஜேர்மனியின் முதல் வலிதணிப்பு வார்ட் அந்த அமைப்பின் உதவியோடு தொடங்கியது.

அவரையும் அதே நோய் பிடித்தது. குடற்புற்று. ஊருக்கெல்லாம் பேசச் சொன்னவர் தன் நோயை வெளியே சொல்லவில்லை. 1985 மே 13ஆம் திகதி 53 வயதில் இறந்தார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பேசுவது எவ்வளவு கடினம் என்பதற்கு அவரே சாட்சி.

இலக்கியத்திலும் இதே காலத்தில்தான் கதவு திறந்தது. மக்ஸி வாண்டர் வியன்னாவில் பிறந்து கிழக்கு ஜேர்மனியில் வாழ்ந்தவர். பெண்களைப் பேசவைத்து அந்தக் குரல்களைப் புத்தகமாக்கினார். அது வெளிவந்த 1977ஆம் ஆண்டே மார்பகப் புற்றால் இறந்தார். அவர் எழுதிய நாட்குறிப்புகளும் கடிதங்களும் இறந்த பின் அச்சாகி, எல்லைக்கு இரண்டு பக்கமும் வாசிக்கப்பட்டன. மற்றவர்களின் கதையைக் கேட்டவர் தன் கதையை மறைக்கவில்லை. 2009இல் நாடக இயக்குநர் கிறிஸ்டொஃப் ஷ்லிங்கென்ஸீஃப் தன் நுரையீரல் புற்றின் நாட்குறிப்பை வெளியிட்டபோது, ஜேர்மன் வாசகர்கள் அந்தச் சொல்லுக்குப் பழகியிருந்தார்கள்.

எங்கள் பக்கம் என்ன நடந்தது? சென்னையில் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். அந்தத் துக்கத்தை அவர் வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. முப்பது வருடம் அதைப் பேசிப் பேசி, 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தை 12 படுக்கைகளோடு தொடங்கினார். எங்கள் ஊரில் 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்கள், ஏறத்தாழ 670 கிலோமீற்றர், தெற்கும் வடக்குமாகச் சனம் சேர்ந்து நடந்து காசு திரட்டி, தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கட்டடம் எழுப்பினார்கள். பேசியபோதெல்லாம் ஏதோ ஒன்று எழும்பியிருக்கிறது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். 41 வயதில் குளிக்கும்போது கட்டி கையில் தட்டுப்பட்டது. இங்கே மார்பகப் படப் பரிசோதனைக்கான அழைப்பு 50 வயதில்தான் வரும். அதனால் கைதான் எனக்குப் பரிசோதனை. முதல் சந்திப்பில் வைத்தியர் கேட்டார்: குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா? நான் உறுதியாக இல்லை என்றேன். அப்படித்தான் எனக்குத் தெரிந்திருந்தது.

தோள் எலும்புக்குக் கீழே போர்ட் வைத்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவையாக நான்கு தடவை, சிவப்பு நிற எபிருபிசினும் நிறமில்லாத என்டொக்ஸானும். எத்தனையோ பேருக்குக் கையுறை போட்டு, பெயரையும் பிறந்த திகதியையும் இருவராகச் சரிபார்த்து நான் மாட்டிய அதே பை. அன்று சகதாதி என்னிடம் பிறந்த திகதி கேட்டபோது சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. பீலஃபெல்ட், பாரி, ஈப்பர் எல்லாம் ஒரு மெல்லிய குழாயால் எனக்குள் இறங்கியது. பதினாறாம் நாள் தலையணையில் முடி.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. வீடியோவில் வராமல் "இங்க நெற் சரியில்லை அம்மா" என்று நான்கு மாதம் சமாளித்தேன். அந்த மகனைப் போலவேதான். தேவாலயத்திலும் சொல்லவில்லை. ஆகஸ்டில் கேவலாரில் ஐரோப்பாத் தமிழர் எல்லோரும் கூடும் மாதா திருவிழாவுக்குப் போகவில்லை. யாராவது தொப்பியைப் பார்த்துக் கேட்பார்களே என்ற பயம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பக்கத்தில் பேசாமல் இருந்தவரை நல்ல நண்பர்கள். காரணம் விளக்கத் தொடங்கியபோதுதான் காயப்படுத்தினார்கள். எனக்கு விளக்குபவர்களிடம்தான் பயம்.

ஒரு நாள் அம்மா நேரே கேட்டார். "பிள்ளை, உன்ர குரல் சரியில்லை. எனக்கு என்னத்தை ஒளிக்கிறாய்?"

சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அம்மா சொன்னார்:

"உன்ர சின்னம்மாவுக்கும் அதுதான். சூலகத்தில. சண்டைக் காலம், கொழும்புக்குக் கொண்டுபோக ஏலாமல் போச்சு. உங்களுக்கு வயித்துப்புண் எண்டுதான் சொன்னனாங்கள். தங்கச்சிமாரின்ர கலியாணம் குழம்பிப்போடும் எண்டு."

சின்னம்மா இறந்தபோது அவருக்கு 39 வயது. எனக்கு அப்போது பதினைந்து. 25 வருடத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் ஒரு பொய் உண்மைபோல இருந்திருக்கிறது. நான் வைத்தியரிடம் சொன்ன "இல்லை" அந்தப் பொய்யின் மொழிபெயர்ப்பு.

மார்பகப் புற்றும் சூலகப் புற்றும் ஒரே குடும்பத்தில் இளவயதில் வந்தால் மரபணுவைப் பார்க்கவேண்டும் என்பது 1994, 1995ஆம் ஆண்டுகளில் இரண்டு பிஆர்சிஏ மரபணுக்கள் கண்டுபிடிக்கப்பட்ட பின் வந்த அறிவு. ஜேர்மனியில் 1996இலிருந்து இதற்கென்றே பல்கலைக்கழக வைத்தியசாலைகளின் கூட்டமைப்பு இருக்கிறது. எனக்குப் பரிசோதனை செய்தார்கள். மாற்றம் இருந்தது. அதனால் அறுவைச் சிகிச்சையின் திட்டமே மாறியது. சூலகங்களையும் பிறகு எடுத்தோம். ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கையும் பரிசோதித்தாள். அவளுடைய முடிவை நான் இங்கே சொல்லமாட்டேன். அதைச் சொல்லும் உரிமை அவளுடையது. தன் விசயத்தைத் தான் சொல்லாமல் இருப்பது உரிமை. இன்னொருவரின் உடம்பைப் பற்றிய உண்மையை அவரிடமிருந்து ஒளிப்பது வேறு.

சிகிச்சை முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று சுற்றியிருப்பவர்கள் நினைப்பார்கள். விரல் நுனிகளில் மரப்பு ஒரு வருடம் இருந்தது. ஊசி பிடிப்பவளுக்கு அது சின்ன விசயம் அல்ல. களைப்பு, நித்திரை கொண்டாலும் போகாத களைப்பு. இங்கே இருப்பவர்களுக்கு இதையும் சொல்லவேண்டும். சம்பளம் ஆறு வாரம் முதலாளி தருவார், பிறகு காப்புறுதி நோய்க்காலப் பணம் தரும், ஒரே நோய்க்கு மூன்று வருடத்துக்குள் 78 வாரம் வரை. சிகிச்சைக்குப் பின் பொதுவாக மூன்று வாரம் றீஹா நிலையத்தில் தங்கலாம். வேலைக்கு இரண்டு மணி, நான்கு மணி என்று படிப்படியாகத் திரும்பலாம். மாற்றுத்திறன் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். எங்கள் ஆட்கள் பலர் இவற்றைக் கேட்பதில்லை, ஏனென்றால் கேட்பதற்கு அந்தச் சொல்லைப் படிவத்தில் எழுதவேண்டும்.

2013 பெப்ரவரி 26இலிருந்து நோயாளியின் உரிமைகள் ஜேர்மன் குடியியல் சட்டத்தில் எழுத்தில் உண்டு. நோயாளிக்கு விளங்கும் விதத்தில் சொல்லவேண்டும். தெரியவேண்டாம் என்று நோயாளியே சொன்னால் அதையும் மதிக்கவேண்டும். ஆனால் அதை முடிவு செய்வது நோயாளிதான், மகன் அல்ல, மொழிபெயர்க்க வந்த தாதியும் அல்ல. பேச்சு மொழிபெயர்ப்பாளருக்குப் பொதுக் காப்புறுதி பொதுவாகக் காசு கொடுப்பதில்லை என்பதால், பத்து வயதுப் பிள்ளைகள்கூடத் தாயின் நோயைத் தாய்க்கு மொழிபெயர்க்கிறார்கள். அது இன்னும் தீராத குறை.

இப்போதும் என்னைக் கூப்பிடுகிறார்கள். வாசலில் பிள்ளைகள் இன்னும் மறிக்கிறார்கள். நான் அவர்களோடு சண்டை பிடிப்பதில்லை. உள்ளே போய், கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, முதலில் அம்மாவிடம் கேட்கிறேன்: "அம்மா, டொக்டர் சொல்லுறது எல்லாம் உங்களுக்குத் தெரியவேணுமோ, இல்லாட்டி பிள்ளையளோடை கதைக்கச் சொல்லவோ?" இதுவரை பெரும்பாலானோர் சொன்ன பதில் ஒன்றுதான்: "சொல்லுங்கோ பிள்ளை."

சின்னம்மாவின் படம் இப்போது என் வீட்டு மேசையில் இருக்கிறது. என் மகள் அது யார் என்று கேட்டாள். பெயரைச் சொன்னேன். என்ன நோயால் இறந்தார் என்றும் சொன்னேன்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். வைத்தியக் கேள்வியென்றால் தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததை உங்கள் வைத்தியரிடம் கேட்கச் சொல்கிறேன். ஆனால் இன்று இரவு உங்கள் அம்மாவுக்கோ பெரியம்மாவுக்கோ ஒரு தொலைபேசி எடுத்து, எங்கள் வீட்டில் யார் யார் என்ன நோயால் போனார்கள் என்று கேளுங்கள்.